பிரிகையா, சிதைவா?

வணக்கம் சார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் வேதியியல் புத்தகத்தில் டிஸ்ஸோசியேஷன் என்பதற்குப் ‘பிரிகை’ என்று போட்டிருக்கிறது. என் தங்கைக்கு ஆறு மாதமாக வலிப்பு மாதிரி வருகிறது. இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்துப் பார்த்த டாக்டர், இது காக்காவலிப்பு இல்லை, ‘டிஸ்ஸோசியேட்டிவ்’ என்றார். தெரிந்தவர் ஒருவர் அது மனச்சிதைவுதான் என்று பயமுறுத்துகிறார். அதே சொல் இரண்டு இடத்திலும் எப்படி வந்தது?
ரா., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ரா.,

தெரிந்தவர் சொன்னதை முதலில் தள்ளிவையுங்கள். மனச்சிதைவு என்று நாம் சொல்வது ஸ்கிசோஃப்ரினியாவை. டாக்டர்கள் நோய்களுக்கு எண் போடப் பயன்படுத்தும் ஐசிடி-10 பட்டியலில் அதற்கு எஃப்20, உங்கள் டாக்டர் சொன்னதற்கு எஃப்44. கேஸ் ஷீட்டில் எண் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரையைக் கரண்டியில் காய்ச்சினால் கருகிக் கரியாகும், ஆறவைத்தாலும் சர்க்கரை திரும்பாது. அது சிதைவு. நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) அப்படி இல்லை. சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் அடியில் இருந்த வெள்ளைத் தூள் காணாமல் போகும், அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் தனித்தனி வாயுவாகப் பிரிந்து மேலே ஏறும், குழாயின் குளிர்ந்த கழுத்துக்கு வந்ததும் இரண்டும் மறுபடி சேர்ந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி படியும். அதுதான் பிரிகை. லத்தீனில் ‘சோசியஸ்’ என்றால் கூட்டாளி. கூட்டுப் பிரிகிறது, பொருள் அழியவில்லை.

மனதிலும் நினைவு, உடம்பின் உணர்வு, ‘நான்’ என்கிற எண்ணம் எல்லாம் கூட்டாக ஓடுகின்றன, தாங்க முடியாத நேரத்தில் அந்தக் கூட்டு பிரியும். பிரான்சில் பியர் ஜானே என்ற உளவியலாளர் 1889லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். லேசான அளவில் எல்லோருக்கும் உண்டு: புதுச்சேரிக்கு வண்டியில் போகும்போது கிருமாம்பாக்கம் தாண்டியதே தெரியாமல் அரியாங்குப்பம் வந்துவிட்டிருப்போம். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நடந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். பின்கட்டு ஷீட் பிய்த்துக்கொண்டு போகிறது, நான் யார் வீட்டிலோ நடப்பதைப் பார்க்கிற மாதிரி கையில் டம்ளரோடு நிற்கிறேன், காற்றின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் காது திறந்தது.

ஒப்புமை இதற்கு மேல் ஓடாது. நவச்சாரம் ஆறினால் தானாகச் சேரும், மனுஷருக்கு அப்படி விதி கிடையாது. தங்கைக்கு உடம்பின் அசைவே அவர் பிடியிலிருந்து விலகி ஓடுகிறது, அதனால்தான் இ.இ.ஜி.யில் வலிப்புக்கான அலை தெரியவில்லை. ‘நடிக்கிறாள்’ என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான வைத்தியம் மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பேசுவதுதான், மாதக்கணக்கில் ஆகலாம். ஏற்கெனவே வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

மகளிடம் நவச்சாரத்தைப் பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு அடுப்பில் வேண்டாம், அந்தப் புகை மூக்கைப் பிடுங்கிவிடும்.