குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி: சர்க்கரைக்கா, நுரைக்கா?

கேள்வி: இனிப்புப் பானங்களுக்கு வரியை ஏற்றினால் மக்களின் உடல்நலம் நிஜமாகவே மேம்படுமா, இல்லை அரசாங்கத்துக்கு இன்னொரு வருமானம் மட்டும்தானா?

மேம்படும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் வரியை எதன் மேல் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் நாட்டில் இப்போது போட்டிருக்கும் வரி சர்க்கரையின் மேல் விழவில்லை, நுரையின் மேல் விழுந்திருக்கிறது. இதை நான் எங்கோ படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. வாரம் இரண்டு தடவை சரக்கு இறங்கும்போது பில்லில் பார்க்கிறேன்.

எங்கள் மளிகைக் கடை அருப்புக்கோட்டைப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. நான் கல்லாவில் உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. சாயங்காலம் பள்ளி விட்டதும் இருபது நிமிடத்துக்கு நிற்க நேரம் இருக்காது. பிள்ளைகள் கையில் பெரும்பாலும் பத்து ரூபாய்தான் இருக்கும். அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் அவர்கள் குடிப்பது. இன்றைக்கு அதே பத்து ரூபாய்க்கு 200 மில்லி கலர் பாட்டில் கிடைக்கிறது (எங்கள் ஊரில் கோலா, ஆரஞ்சு எல்லாமே கலர்தான்), 125 மில்லி மாம்பழ பானமும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

கலர் பாட்டிலுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். பத்து ரூபாய் விலைக்குள் ஏறக்குறைய 2 ரூபாய் 86 பைசா வரி. மாம்பழ பானத்துக்கு 5 சதவீதம், அதாவது 48 பைசா. சரி, மாம்பழ பானத்தில் சர்க்கரை குறைவாக இருக்கும், அதனால்தான் வரியும் குறைவு என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கோடையில் ஒரு அக்கா கடைக்கு வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல். "கலர் வேண்டாம்ணே, அது கெடுதல். மாம்பழ ஜூஸ் குடுங்க, பழம்தான" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு சும்மா இன்னொரு பாக்கெட்டைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம் என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த கோலாவை எடுத்துப் பார்த்தால் 10 கிராமும் சொச்சமும். பழம் என்று நம்பி அந்த அக்கா வாங்கிப்போனதில்தான் மில்லிக்கு மில்லி சர்க்கரை அதிகம். அந்த 125 மில்லிக்குள் 16 கிராம், நாலு டீஸ்பூன். எங்கள் அப்பாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை நோய். கலரைத் தொடவே மாட்டார். அவரும் மதியச் சாப்பாடு முடிந்து இதே பாக்கெட்டைத்தான் "பழச்சாறு" என்று குடித்துக்கொண்டிருந்தார், அதுவும் எங்கள் கடை ஃப்ரிட்ஜிலிருந்தே எடுத்து. அன்றைக்கு எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

இந்த வரி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலை பட்ஜெட்டில், சர்க்கரை சேர்த்த காற்றூட்டிய பானங்களுக்கு (அதாவது நுரைக்கும் கலர் வகைக்கு) 5 சதவீதம் கூடுதல் கலால் வரி போட்டார்கள். அதில் 'சர்க்கரை சேர்த்த' என்ற வார்த்தையாவது இருந்தது. 2015 டிசம்பரில், அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையிலான குழு, புகையிலை, பான் மசாலாவோடு சேர்த்து காற்றூட்டிய பானங்களுக்கும் 40 சதவீதம் போடலாம் என்று பரிந்துரைத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதமும் அதன் மேல் 12 சதவீத இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரியும் வைத்தார்கள். அந்த செஸ் மாநிலங்களின் வருமான இழப்பை ஈடுகட்டப் போனது, மருத்துவமனைக்குப் போகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டையும் சேர்த்து ஒரே 40 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். அதே நாளில் நுரை இல்லாத பழச்சாறு பானங்களை 12லிருந்து 5க்கு இறக்கினார்கள். பால் கலந்த பானங்களும் 5தான்.

இப்போது ஜீரோ சுகர் பாட்டிலைப் பாருங்கள். அதில் ஒரு கிராம் சர்க்கரை கூடக் கிடையாது. அதற்கும் 40 சதவீதம்தான், ஏனென்றால் சட்டத்தில் இருப்பது சர்க்கரையோ 'வேறு இனிப்பூட்டியோ' சேர்த்தது என்று. (அதைக் குடிக்கச் சொல்லி நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.) நான் கேட்பது வேறு. பத்து ஸ்பூன் போட்டாலும் 40, ஒன்றுமே போடாவிட்டாலும் 40 என்றால், எந்த கம்பெனி மெனக்கெட்டுச் சர்க்கரையைக் குறைக்கும்?

பிரிட்டனில் செய்தது இங்கேதான் வித்தியாசப்படுகிறது. அங்கே 2016 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வரியை அறிவித்தார், ஆனால் அமலுக்கு வந்தது 2018 ஏப்ரல் 6. நடுவில் கம்பெனிகளுக்கு இரண்டு வருட அவகாசம். வரியையும் படிக்கட்டு மாதிரி வைத்தார்கள். 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5லிருந்து 8 கிராமுக்குள் என்றால் லிட்டருக்கு அப்போது 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். பாட்டில் விலை என்ன என்பது கணக்கிலேயே வராது, உள்ளே இருக்கும் சர்க்கரைதான் கணக்கு.

என்ன நடந்தது என்றால், வரி வருவதற்கு முன்பே கம்பெனிகள் சர்க்கரையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டன. ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராக நினைக்கும் ஐயர்ன் ப்ரூ என்ற கலர், 100 மில்லிக்கு 10.3 கிராமாக இருந்ததை 4.7க்குக் கொண்டுவந்தது. பழைய ருசிக்காகச் சிலர் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கிவைத்தார்கள். கோகோ கோலா தன் பழைய கலவையை மாற்றவில்லை, வரியைக் கட்டியது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால், வரிக்குள் வரும் பானங்களில் சராசரிச் சர்க்கரை 2015க்கும் 2020க்கும் நடுவில் சுமார் 46 சதவீதம் குறைந்தது. குடிக்கிற பிள்ளை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அதே பாட்டிலைத்தான் வாங்கியது. உள்ளே இருந்த சர்க்கரை தானாகக் குறைந்துபோனது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த வரியை ஆதரிக்கிறேன்.

உடம்பில் பலன் தெரிந்ததா என்று கேட்டால், கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2023இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில், அதாவது 10, 11 வயதில் இருக்கும் பெண் பிள்ளைகளிடம் உடற்பருமன் எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைவாக இருந்தது. ஆண் பிள்ளைகளிடம் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. எட்டு சதவீதம்தானா என்று சிலர் கேட்கலாம். மருந்து மாத்திரை இல்லாமல், ஒரு பிள்ளையையும் பட்டினி போடாமல், கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை மாற்றி இது கிடைக்கிறது என்றால் எனக்கு அது பெரிசாகத்தான் தெரிகிறது. இப்போது அந்த 5 கிராம் எல்லையை 4.5 ஆக இறக்கவும், பாக்கெட்டில் வரும் பால் பானங்களைச் சேர்க்கவும் போகிறார்கள், 2028 ஜனவரியிலிருந்து.

மெக்சிகோ வேறு வழியில் போனது. 2014 ஜனவரி 1 முதல் லிட்டருக்கு ஒரு பெசோ. விலை கிட்டத்தட்ட பத்து சதவீதம் ஏறியது. முதல் வருடம் வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது, ஏழைக் குடும்பங்களில் அந்த வருடக் கடைசியில் 17 சதவீதம் வரை குறைந்தது. "இந்த வரி ஏழைகள் தலையில்தான் விழும்" என்று எல்லோரும் சொல்லும் வாதத்தை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். வரி ஏழைக்குத்தான் அதிகம் உறைக்கிறது, உண்மை. வாங்குவதை அதிகம் குறைப்பதும் அவர்கள்தான். சர்க்கரை நோய் வந்தால் மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் கூலியில் பாதியை எடுத்துவைப்பதும் அதே வீடுகள்தான். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் முதலாவதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

நம் ஊரில் ஏன் அந்த மாதிரி விலை ஏறவில்லை என்றால், நம்முடையது சதவீத வரி. விலையைக் குறைத்தால் வரியும் கூடவே குறைந்துவிடும். 20 ரூபாய் பாட்டிலுக்கு வரி 5 ரூபாய் 71 பைசா. பத்து ரூபாய்க்கு விற்றால் அதில் பாதி. 2023இல் ரிலையன்ஸ் பழைய கேம்பா கோலாவைத் திரும்பக் கொண்டுவந்து 200 மில்லியைப் பத்து ரூபாய்க்கு விட்டபிறகு, 40 சதவீதம் வரி இருந்தும் கலர் மலிவாகத்தான் ஆனது. நான் கடையில் கண்ணால் பார்த்தது இது. முன்பு இரண்டு பிள்ளைகள் காசு போட்டு ஒரு பாட்டில் வாங்கிப் பங்கு போடுவார்கள், இப்போது ஆளுக்கு ஒன்று. கிராம் கணக்கில் வரி இருந்தால் இது நடக்காது. சர்க்கரை அதேதான் என்றால் வரியும் அதேதான், பாட்டில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ.

பக்கத்தில் இலங்கையில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 2016 ஆகஸ்ட் முதல் பாட்டிலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் சிவப்பு. 2017 நவம்பர் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர ஒரு கிராம் சர்க்கரைக்கு 50 சதம், அதாவது அவர்கள் காசில் அரை ரூபாய், என்று வரி போட்டார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். என் கடையில் அன்றைக்கு அந்த மாம்பழப் பாக்கெட்டில் ஒரு சிவப்பு வட்டம் இருந்திருந்தால் அந்த அக்காவுக்கு நான் வேறு எதையாவது எடுத்துக் கொடுத்திருப்பேன்.

இன்னொரு விஷயம் எங்கள் பகுதிக்கே உரியது. காளிமார்க் 1916இல் விருதுநகரில் ஆரம்பித்த கம்பெனி. இன்றைக்கும் இந்தப் பக்கம் சின்னச் சின்ன சோடா கம்பெனிகள் உண்டு. எங்களுக்குப் பன்னீர் சோடா போடும் அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, இரண்டு பேரை வைத்து ஓட்டுகிறார். அவர் போடுகிற பன்னீர் சோடாவுக்கும் அதே 40 சதவீதம். சின்ன உற்பத்தியாளர்கள் கணக்கை எளிதாக முடிக்க ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டம் என்று ஒன்று உண்டு. 2019 அக்டோபரிலிருந்து காற்றூட்டிய பானம் தயாரிப்பவர்களை அதிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் வருடத்துக்குப் பத்து லட்சம் லிட்டருக்குக் கீழே தயாரிப்பவர்களுக்கு அந்த வரியே கிடையாது. வரி போடுங்கள், ஆனால் அண்ணாச்சியையும் பெரிய கம்பெனியையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கலருக்கும் ஜூஸுக்கும் சரியான வரி போட்டுவிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பதாகவும் சொன்னது. இதெல்லாம் பாட்டிலால் மட்டும் வந்ததில்லை. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால் நாளைக்கு நாலு டீ குடிப்பவருக்கு அங்கேயே எட்டு ஸ்பூன் ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு ஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோறு, நடை இல்லாதது, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் இது. ஆனால் டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்லலாம். பாட்டிலிடம் சொல்ல முடியாது. அங்கே அளவைத் தீர்மானிப்பது கம்பெனி. அதனால்தான் அந்த இடத்தில் அரசாங்கம் நுழைவது சரி என்று நினைக்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்றால், ஃப்ரிட்ஜைக் கொடுத்த ஏஜென்சி அதன் கதவில் எதுவும் ஒட்டக்கூடாது என்று சொல்லியிருப்பதால், பக்கத்துச் சுவரில் ஓர் அட்டையை மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பானத்தின் பெயருக்கு நேராக எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கையால் எழுதியது. பத்து ரூபாய் கலர் ஐந்து ஸ்பூன், மாம்பழப் பாக்கெட் நாலு ஸ்பூன், மோர் பாக்கெட் ஒன்றுமில்லை. விற்பனை பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நின்று படிக்கிறார்கள், சில பேர் மோருக்கு மாறியிருக்கிறார்கள். அப்பா மாறிவிட்டார். பன்னீர் சோடாவுக்கு மட்டும் எழுத எண் கிடைக்கவில்லை, அந்தப் பாட்டிலில் எதுவும் அச்சடித்திருக்காது. அண்ணாச்சியிடமே போன் போட்டுக் கேட்டேன். ஒரு சட்டிக்கு எத்தனை கிலோ, எத்தனை பாட்டில் என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூணு ஸ்பூன் வரும் தம்பி, எழுதிக்கோ" என்றார். அதையும் எழுதி மாட்டிவிட்டேன்.