எக்கோவில் ‘கட்டி’ என்று வந்துவிட்டால்

இதயத்தில் அரிதாக வரும் புற்றுக்கட்டிகளைப் படமெடுத்துக் கண்டறிவது பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பாளையங்கோட்டை ரேடியாலஜி மருத்துவர் ஒருவர் பதில் தருகிறார்.

டாக்டரம்மா, என் மதினியின் எக்கோ அறிக்கையில் இடது மேலறையில் கட்டி என்று போட்டிருக்கிறது. புற்றுநோய்தானா? (அம்பாசமுத்திரம்)

அந்த ஒரு வரியை வைத்து முடிவுகட்டாதீர்கள். இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று புற்று அல்லாதவை. பெரியவர்களுக்கு இடது மேலறையில் அதிகம் வருவது மிக்சோமா என்ற புற்று அல்லாத கட்டி. இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் காம்பு ஊன்றி, துடிப்புக்குத் துடிப்பு ஆடும். அறுவை செய்து எடுத்துவிடலாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு உறைந்த ரத்தமும் கட்டி போலவே தெரியும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் கட்டி எங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெளிவாகும். அதை முதலில் எடுங்கள்.

எதைப் பார்த்தால் உங்களுக்குப் புற்று என்ற சந்தேகம் வரும்? (சங்கரன்கோவில்)

முதலில் இடம். வலது மேலறையில், காம்பு இல்லாமல் அகன்ற அடியோடு, சுவரை ஊடுருவி இதய உறைவரை பரவியிருந்தால் ஆஞ்சியோசர்கோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்றை நினைத்தே ஆக வேண்டும். உறைக்குள் ரத்தம் கலந்த நீர் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். அடுத்தது எம்.ஆர்.ஐ. கடோலினியம் மருந்து ஏற்றியதும் ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி அதை இழுத்துக்கொள்ளும். அழுகிய பகுதிகள் இருண்டு நிற்பதால் படம் திட்டுத்திட்டாகத் தெரியும். ரத்த உறைவு பொதுவாக மருந்தை ஏற்காது, கறுப்பாகவே இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இதய எம்.ஆர்.ஐ.யை நான் வற்புறுத்துகிறேன்.

சி.டி.யையும் விடக்கூடாது. ஆஞ்சியோசர்கோமா கண்டுபிடிக்கப்படும்போதே பலருக்கு நுரையீரலுக்குப் பரவியிருக்கும். வேறு உறுப்பிலிருந்து இதயத்துக்கு வந்து சேரும் புற்று, இதயத்திலேயே பிறக்கும் புற்றைவிடப் பல மடங்கு அதிகம். நுரையீரல் புற்று, மார்பகப் புற்று, மெலனோமா என்ற தோல் புற்று எல்லாம் வரும். மூலம் எங்கே என்று தேடாமல் இதயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பெரும் பிழை.

இத்தனைக்குப் பிறகும் பெயர் வைப்பது திசுப் பரிசோதனைதான். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றும் வலப்பக்கத்தையே விரும்பும். அதற்குப் பிரதான சிகிச்சை கத்தியல்ல, கீமோதெரபி. படத்தை மட்டும் நம்பி நெஞ்சைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

பெட் ஸ்கேனுக்கு முந்தைய நாள் சோறு, இட்லி எதுவும் கூடாது என்கிறார்களே, ஏன்? (திசையன்விளை)

பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ். புற்றுத் திசு அதை ஆவலாக எடுத்துக்கொண்டு ஒளிரும். சிக்கல் என்னவென்றால், நன்றாக இருக்கும் இதயத் தசையும் குளுக்கோஸைத் தின்னும். இதயம் முழுக்க ஒளிர்ந்தால் கட்டி அதற்குள் மறைந்துபோகும். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நிறுத்தி, கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து, பிறகு பட்டினி போட்டால் தசை கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கட்டி தனித்துத் தெரியும். ஆகவே முட்டை, மாவு தடவாமல் பொரித்த மீன், பனீர் சாப்பிடலாம். வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி, ஒரு துண்டு அல்வா கூட வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் ஸ்கேன் மையத்தில் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. முடியாதா? (களக்காடு)

கருவியோடு தந்த அட்டையைக் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகை என்றால், அதற்குரிய நிலைக்கு மாற்றிவைத்து எடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அண்ணாச்சியைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறோம். ஃபிலிம் போதுமா? (வள்ளியூர்)

போதாது. ஃபிலிமில் இருப்பது பொறுக்கியெடுத்த சில படங்கள். கட்டி அசைவதை அதில் பார்க்க முடியாது. எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றின் முழுப் பதிவையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முன் கணினியில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.