நீளமான மருத்துவச் சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது மதுரையில் நர்சிங் முதலாண்டு. 'கேஸ்ட்ரோஎன்டராலஜி' மாதிரி நீளமான சொல் வந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். எப்படிப் பிரித்து வாசிப்பது?

பதில்: பிரிப்பதில் இரண்டு வகை உண்டு. பொருளுக்காகப் பிரித்தால் நீங்கள் கேட்ட சொல்லில் மூன்று துண்டுதான்: கேஸ்ட்ரோ இரைப்பை, என்டரோ குடல், லஜி அதைப் பற்றிய படிப்பு. எல்லாம் கிரேக்க மொழிச் சரக்கு. வாய்க்காகப் பிரித்தால் ஏழு அசை: கேஸ்-ட்ரோ-என்-ட-ரா-ல-ஜி. இரண்டு பிரிப்பும் எப்போதும் ஒத்துப்போகாது. கேஸ்ட்ரைட்டிஸ் என்பதில் இரைப்பையும் அழற்சியும் 'ட்ரை' என்ற ஒரே அசைக்குள் ஒட்டிக் கிடக்கின்றன. அதனால் அர்த்தத்துக்குத் துண்டு, உச்சரிப்புக்கு அசை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அழுத்தம். நமக்குச் சிக்கலே இங்கேதான். தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை அமுங்கும். எது ஓங்கும் என்பதைச் சொல்லின் வால் காட்டிக்கொடுக்கும், ஆகவே கடைசியிலிருந்து எண்ணுங்கள். லஜி, ஸ்கபி, டமி என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை; ஐட்டிஸ் என்று முடிந்தால் இரண்டாவது. வால் மாறினால் அழுத்தமும் இடம் மாறும்: கருவியான எண்டோஸ்கோப்பில் 'எண்' ஓங்கும், பரிசோதனையான எண்டாஸ்கபியில் 'டாஸ்' ஓங்கும்.

இது வெறும் ஸ்டைல் விஷயம் இல்லை. கேஸ்ட்ரெக்டமி என்றால் இரைப்பையை முழுதாகவோ பகுதியாகவோ அகற்றுவது. கேஸ்ட்ராஸ்டமி என்றால் இரைப்பைக்கு வெளியிலிருந்து ஒரு வழி போடுவது, பெரும்பாலும் குழாய் மூலம் உணவு கொடுக்க. கேஸ்ட்ராட்டமி, வெட்டித் திறப்பது மட்டும். மூன்றுக்கும் வித்தியாசம் 'ட்ரெக்', 'ட்ராஸ்', 'ட்ராட்' என்ற அந்த ஓர் அசைதான். அழுத்தம் விழுவதும் அங்கேயேதான். அதை விழுங்கிவிட்டால் போனில் கேட்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

பழகுவதற்குப் பின்னாலிருந்து கட்டுங்கள்: லஜி, ராலஜி, டராலஜி, என்டராலஜி, அப்புறம் முழுச்சொல். கே.கே. நகர் பக்கம் பஸ்ஸில் போகும்போது கிளினிக் போர்டுகளை இப்படியே வாசித்துப் பாருங்கள். ஆனால் தமிழில் எழுதிய போர்டு அழுத்தத்தைக் காட்டாது. சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். மேலே சின்னதாக ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வருவதுதான் ஓங்க வேண்டிய அசை, முன்னால் உள்ளது இல்லை.