மார்பகப் புற்றுநோய்: நிலையோடு வகையையும் பாருங்கள்

கேள்வி: அக்காவுக்கு வயது 46. மார்பில் 2.5 செ.மீ. கட்டி, அக்குளில் ஒரு நெறிகட்டி. இரண்டாம் நிலையாம். ரிப்போர்ட்டில் மூன்றும் நெகட்டிவ். முதலில் கீமோ, பிறகுதான் ஆபரேஷன் என்கிறாருங்க டாக்டர். எங்கள் சித்திக்கு மூன்றாம் நிலையில் ஆபரேஷன் நடந்தது. தினம் ஒரு மாத்திரையோடு இன்றும் நன்றாக இருக்கிறார். கட்டியை உள்ளே விட்டுவைப்பது ஆபத்தில்லையா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: டாக்டர் சொன்ன வரிசை சரியானதே. நிலை என்பது கட்டியின் அளவையும் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையும் மட்டும் சொல்கிறது. நோயின் குணத்தைச் சொல்வது ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்ற மூன்று சோதனைகள். சித்திக்கு ஈஆர் பாசிட்டிவாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் ஹார்மோன் மாத்திரை கேட்கிறது. மூன்றும் நெகட்டிவான கட்டிக்கு அந்த மாத்திரை பயன்படாது.

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். நோய் அக்குள் வரை வந்த நிலையில், ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் உள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 90 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் சுமார் 66 பேர். அக்குளுக்கு வருமுன் பிடித்துவிட்டால் இந்த வகையிலும் 90க்கு மேல். இவை முந்தைய ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. அக்காவின் தலையெழுத்து அல்ல. இந்த வகை திரும்பி வருவது பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளில்தான். 5 ஆண்டுகள் கடந்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

கட்டி உள்ளே இருக்கும்போதே கீமோ கொடுத்தால் மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆபரேஷனில் எடுத்த சதையிலும் நெறிகட்டியிலும் புற்றணு எதுவும் மிச்சமில்லை என்று வந்தால் மிக நல்ல அறிகுறி. மிச்சமிருந்தால் கேப்சிடபின் மாத்திரை போன்ற கூடுதல் சிகிச்சை உண்டு. முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தகவல் கிடைக்காது.

கீமோ தொடங்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கட்டிக்குள்ளும் பாதித்த நெறிகட்டியிலும் கிளிப் (இடத்தைக் காட்டும் சிறு உலோக அடையாளம்) வைத்தல். கட்டி கரைந்துபோனால் எங்கே வெட்டுவது என்று சர்ஜனுக்குத் தெரிய வேண்டும். இரண்டு, பிஆர்சிஏ மரபணுச் சோதனை (புற்றுநோய் குடும்பவழி வருகிறதா என்று பார்ப்பது). பாசிட்டிவ் என்றால் உங்களுக்கும் சோதிக்க வேண்டும். மூன்று, ரிப்போர்ட்டின் நம்பகம். எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் (சதையைக் கெடாமல் காக்கும் திரவம்) போய், 6 முதல் 72 மணி நேரம் ஊறியிருக்க வேண்டும். தாமதமானால் பாசிட்டிவ் கட்டியே நெகட்டிவாகக் காட்டலாம். ஈஆர் 1 சதவீதம் இருந்தாலும் பாசிட்டிவ்தான். ஹெர்2 ‘2+’ என்றிருந்தால் அது முடிவல்ல, ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை அவசியம். சந்தேகம் இருந்தால் அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை வாங்கி வேறொரு லேபில் பார்க்கச் சொல்லுங்கள். ஹெர்2 பாசிட்டிவ் என மாறினால் ட்ராஸ்டுசுமாப் ஊசி சேரும், சிகிச்சையே வேறாகிவிடும்.

கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். வெள்ளையணு குறைந்திருக்கலாம், இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, ஈஆர் பாசிட்டிவ். ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்தது. லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையால் மூட்டு வலி தாங்காமல் இரண்டாம் வருடமே நிறுத்திவிட்டார். கட்டிதான் போய்விட்டதே?
- வாசகர், தாராபுரம்

பதில்: உடனே டாக்டரைப் பாருங்கள். இந்த வகை மெதுவானது, ஆனால் நீண்ட காலம் காத்திருக்கும். கட்டி 2 செ.மீ.க்குள் இருந்து, அக்குளில் ஒன்றுமில்லாமல், 5 ஆண்டுகள் ஹார்மோன் சிகிச்சையை முடித்தவர்களிலேயே 20 ஆண்டுகளுக்குள் 100க்கு 13 பேருக்கு உடலின் வேறு இடத்தில் திரும்பியிருக்கிறது. பாதியில் விடுவது அம்மாவின் பாதுகாப்பைக் குறைக்கும். வலிக்கு வழி இருக்கிறது: டாக்டர் சொல்லி சில வாரம் இடைவெளி விட்டு அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் அல்லது டமாக்சிஃபென் என மாற்றலாம். தினமும் நடப்பதும் வலியைக் குறைக்கிறது. எலும்பு அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனில் பாருங்கள். டமாக்சிஃபெனுக்கு மாறிய பிறகு உதிரப்போக்கு சொட்டு தெரிந்தாலும் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.