கடலூர் லைசென்ஸ் இங்கிலாந்தில் எவ்வளவு நாள் செல்லும்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செவிலியராக வேலை கிடைத்து, 2025 செப்டம்பர் 12 அன்று வந்து சேர்ந்தேன். 2006 மே மாதம் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கிய லைசென்ஸ் இருக்கிறது. வரும் மே மாதம் அது காலாவதியாகிறது. மார்ச்சில் எனக்கு 40 வயது முடிகிறது. இரவுப் பணிக்குப் போய்வர பஸ் வசதி இல்லாததால் கார் வாங்கிவிட்டோம். என் லைசென்ஸை இந்த ஊர் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள முடியுமா? இன்டர்நேஷனல் பர்மிட்டைத் தூதரகம் மூலம் புதுப்பித்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். நான் வராமலேயே புரோக்கர் மூலம் லைசென்ஸைப் புதுப்பித்துவிடலாம் என்கிறார் அப்பா. கணவரிடம் சிங்கப்பூர் லைசென்ஸ் உள்ளது. அதை மாற்ற முடியுமா? பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்கு வருகிறோம்.

பதில்: மாற்றிக்கொள்ள முடியாது. வெளிநாட்டு லைசென்ஸை வாங்கிக்கொண்டு தங்கள் லைசென்ஸைத் தருவதற்கு பிரிட்டன் சில நாடுகளை மட்டும் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா போன்றவை அதில் உண்டு; இந்தியா இல்லை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித் தேறித்தான் ஆக வேண்டும். பணம் கொடுத்தால் தேர்வில்லாமல் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி.

இந்திய லைசென்ஸ் உங்களுக்குத் தருவது 12 மாத அவகாசம். அது நீங்கள் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஓடுகிறது. உங்கள் கணக்கில் 2026 செப்டம்பர் 11-உடன் முடிகிறது. நடுவில் பொங்கலுக்கு வந்து போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. இன்டர்நேஷனல் பர்மிட்டாலும் இந்தக் கெடு நீளாது. அது நம் ஊர் லைசென்ஸைப் பிற நாட்டுக்காரர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கான துணை ஆவணம், அவ்வளவுதான். தூதரகம் வழியாக அதைப் புதுப்பிக்க 2021 முதல் வழி இருப்பது உண்மை. ஆனால் 13-ஆவது மாதத்தில் புத்தம் புது பர்மிட்டைக் காட்டினாலும் அங்கே நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவர்தான். உடன் வேலை செய்பவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் இந்த ஒரு தவறான தகவலால் கோர்ட் படி ஏறியவர்கள் நிறைய.

அந்த 12 மாதத்தை நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பதற்கான காலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்வு எழுதி முடிப்பதற்கான காலம் அது, அதிலும் உண்மையில் கையில் இருப்பது பாதிதான். ஓட்டும் தேர்வுக்குப் போகும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 185 நாள் நீங்கள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று விதி உள்ளது. உங்களுக்கு அது மார்ச் நடுவில் நிறைவேறும். பொங்கல் விடுப்பு நாட்களைச் சேர்ப்பதா கழிப்பதா என்ற சிக்கலே வராதபடி, தேதியை ஏப்ரல் நடுவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஐந்து மாதம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் பல தேர்வு மையங்களில் தேதி கிடைக்க ஆறு மாதம்வரை ஆகிறது. எழுத்துத் தேர்வில் தேறாமல் ஓட்டும் தேர்வுக்குப் பதிவு செய்யவும் முடியாது. ஆகவே எழுத்துத் தேர்வை இப்போதே முடித்து, கையோடு ஓட்டும் தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். காத்திருக்கும் மாதங்கள் 185 நாள் நிரம்புவதற்குள்ளேயே கழிந்துவிடும். ஒருமுறை தவறினால் அடுத்த தேர்வு குறைந்தது 10 வேலை நாள் கழித்துத்தான். நடைமுறையில் அதற்கும் மாதக்கணக்கில் ஆகும்.

முதல் படி, அந்நாட்டுப் பழகுநர் உரிமம். டி.வி.எல்.ஏ. என்ற அரசு முகமை தருகிறது. இணையவழியில் 34 பவுண்டு. தபாலில் டி1 படிவத்தோடு 43 பவுண்டு. தபாலில் அசல் பாஸ்போர்ட்டை வைத்து அனுப்புவதானால் தேதியைப் பார்த்துச் செய்யுங்கள். டிசம்பரில் அனுப்பிவிட்டு, பொங்கல் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் எப்போது வரும் என்று தவிக்க நேரக்கூடாது. பலர் கேட்கும் சந்தேகம் ஒன்று: பழகுநர் உரிமம் வாங்கிவிட்டால் உடனே எல் போர்டு மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துத்தான் ஓட்ட வேண்டுமா? 12 மாதத்துக்குள் இந்திய லைசென்ஸ் செல்லுபடியாக இருக்கும்வரை வேண்டாம், தனியாகவே ஓட்டலாம். அவகாசம் முடிந்த மறுநாளிலிருந்து எல் போர்டு கட்டாயம். பக்கத்தில் 21 வயது நிரம்பி, முழு லைசென்ஸ் வாங்கி 3 ஆண்டு ஆனவர் இருக்க வேண்டும். உங்கள் இந்திய லைசென்ஸை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

எழுத்துத் தேர்வுக் கட்டணம் 23 பவுண்டு. 50 கேள்விகளுக்கு 57 நிமிடம். 43 சரியாக இருக்க வேண்டும். அடுத்து 14 சிறு வீடியோக்கள். சாலையில் ஆபத்து உருவாகும் தருணத்தில் பட்டனைத் தட்ட வேண்டும். 75-க்கு 44 எடுத்தால் தேர்ச்சி. இரண்டும் ஒரே அமர்வில் தேற வேண்டும். தமிழில் எழுத முடியாது. சான்று 2 ஆண்டுக்குச் செல்லும்.

ஓட்டும் தேர்வுக்கு வார நாளில் 62 பவுண்டு, மாலையிலும் வார இறுதியிலும் 75. சுமார் 40 நிமிடம் ஊருக்குள் ஓட்டச் சொல்வார்கள். தொடங்கும் முன் 20 மீட்டரில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் தேர்வு அங்கேயே முடிந்தது. சிறு தவறுகள் 15 வரை மன்னிக்கப்படும். பெரிய தவறு ஒன்று போதும், தோல்வி. அங்கேயும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள் என்ற தைரியத்தில் பயிற்சி எடுக்காமல் போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் சந்திப்பில் ஹாரன் அடித்து, வண்டியை மெல்ல நுழைத்தால் எதிரே வருபவர் நின்று வழிவிடுவார். அங்கே அதே செயல் பெரிய தவறாகக் குறிக்கப்படும். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அவர் கடந்த பிறகுதான் நீங்கள் நுழைய வேண்டும். லேன் மாறும் முன், வேகம் குறைக்கும் முன், திரும்பும் முன் கண்ணாடியைப் பார்ப்பதைத் தேர்வாளர் கவனித்துக்கொண்டே இருப்பார். உள்ளூர் பயிற்சியாளரிடம் சில வகுப்புகளாவது எடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் லைசென்ஸ் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமே கிடைக்கும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

இனி ஊர்க் கதை. மே மாதம் உங்கள் இந்திய லைசென்ஸ் காலாவதியானால், செப்டம்பர்வரை இருக்க வேண்டிய அவகாசமும் அன்றே போய்விடும். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் அந்தச் சலுகையே. ஆகவே பொங்கல் விடுப்பில் செய்ய வேண்டிய முதல் வேலை புதுப்பித்தல். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். புதுப்பித்த நாளிலிருந்தே புதியது தொடங்கும், 10 ஆண்டுக்குக் கிடைக்கும். ஜனவரியில் உங்களுக்கு 39 வயதுதான் என்பதால் உடல்நிலை பற்றிய உறுதிமொழிப் படிவம் போதும். 40 முடிந்துவிட்டால் 1ஏ படிவத்தில் டாக்டர் சான்று வேண்டும். தவறவிட்டு, காலாவதியாகி ஓராண்டும் கடந்துவிட்டால் திரும்பவும் தேர்வுக்குப் போய் நிற்க வேண்டும்.

விண்ணப்பம் மத்திய அரசின் சாரதி இணையதளத்தில். அங்கே பெரும்பாலும் சிக்குவது ஓ.டி.பி.; லைசென்ஸோடு பதிவான பழைய இந்திய மொபைல் எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்துப்போயிருந்தால் விண்ணப்பம் நகராது. இப்போதே அப்பாவிடம் சொல்லி அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். ஸ்லாட் எடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்வாருங்கள். தமிழ்நாட்டில் லைசென்ஸ் இப்போது விரைவுத் தபாலில்தான் வருகிறது. நீங்கள் விமானம் ஏறிய பிறகு வந்தால், வீட்டில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும்.

அப்பா சொல்லும் புரோக்கர் வழி வேண்டாம். நீங்கள் லீட்ஸில் இருக்கும் நாளில் கடலூரில் நேரில் வந்ததுபோல் பதிவாகும் லைசென்ஸ், உங்கள் பாஸ்போர்ட் முத்திரையோடு ஒத்துப்போகாது. பொய்யான தகவலால் பெற்ற லைசென்ஸை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. வெளிநாட்டு விசாவில் இருப்பவர் இந்த வம்பை விலைகொடுத்து வாங்கக்கூடாது.

பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த லைசென்ஸில் "கவிதா ப." என்று அப்பா இனிஷியலும், பாஸ்போர்ட்டில் கணவர் பெயரும் இருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் ஆவணம் கேட்கும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். உங்கள் லைசென்ஸிலும் அப்படி இருந்தால், புதுப்பிக்கும்போதே பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். திருமணப் பதிவுச் சான்றையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது லைசென்ஸ் வகை எது என்று கேட்பார்கள். பிரீமியம் குறைகிறதே என்று "முழு பிரிட்டன் லைசென்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற முழு லைசென்ஸ் என்பதுதான் உண்மை. வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால் பிரிட்டனின் 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி நிறுவனம் பாலிசியையே இல்லாததாக்கலாம். வேலைக்குப் போய்வரும் பயணமும் பாலிசியில் சேர்ந்திருக்க வேண்டும். நோயாளிகளின் வீடுகளுக்குக் காரில் போகும் பணி என்றால் அதற்குத் தனியாகத் தொழில்முறைப் பயன்பாட்டைக் கேட்டுச் சேருங்கள்.

கெடு தாண்டி ஓட்டிப் பிடிபட்டால் அந்நாட்டு 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் 1,000 பவுண்டுவரை அபராதமும் லைசென்ஸில் 3 முதல் 6 தண்டனைப் புள்ளிகளும். அதைவிட வலிப்பது அடுத்தது: லைசென்ஸ் இல்லாதவருக்குப் பெரும்பாலும் பாலிசியும் செல்லாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் அந்த இடத்திலேயே 300 பவுண்டும் 6 புள்ளிகளும். கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை, ஓட்டத் தடையும் வரலாம். காரைப் போலீஸ் எடுத்துச் செல்லலாம். பதிவு 4 ஆண்டு கூடவே இருக்கும், பிரீமியம் எகிறும். முதல்முறை தேறிய 2 ஆண்டுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகி, பழகுநர் நிலைக்குத் திரும்ப வேண்டும். பழகுநர் உரிமத்தில் விழுந்த புள்ளிகளும் புதிய லைசென்ஸுக்குக் கூடவே வரும்.

கணவர் விஷயத்தில் ஒரே கேள்விதான்: சிங்கப்பூரில் ஓட்டும் தேர்வு கொடுத்துத் தேறினாரா, இல்லை இந்திய லைசென்ஸைக் காட்டி, அடிப்படை எழுத்துத் தேர்வு மட்டும் எழுதி மாற்றிக்கொண்டாரா? தேர்வு கொடுத்து வாங்கியது என்றால், பிரிட்டனில் குடியேறிய 5 ஆண்டுக்குள் 43 பவுண்டு கட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 12 மாதம் முடிந்தபின் மாற்றும்வரை ஓட்டக்கூடாது. இந்திய லைசென்ஸை மாற்றி வாங்கியது என்றால் பட்டியலில் சிங்கப்பூர் இருப்பதால் பயனில்லை. அவரும் உங்களைப்போல் இரண்டு தேர்வும் எழுத வேண்டும். தேர்வு எழுதியதாகப் படிவத்தில் பொய்யாகக் குறிப்பது தனிக் குற்றம். எப்படி வாங்கினார் என்ற விவரத்தை சிங்கப்பூர் போக்குவரத்துப் போலீசிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொண்டு, அதன்பின் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.