ஐயாவின் கையில் இருந்த தழும்பு: கடுகு வாயு வம்சத்துக்கு வருமா?

புதுவயலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“என் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பட்டாளத்தில் இருந்தார். ராவல்பிண்டியில் சில மாதம் இருந்ததாக அப்பத்தா சொல்வார். ஐயாவின் வலது முன்கையில் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளிறிய தழும்பு உண்டு. கேட்டால், ‘கேஸ் வச்சுப் பாத்தாங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வாராம். கண் எப்போதும் சிவந்திருக்கும், கடைசி வரை இருமல். 1979-இல் இறந்துவிட்டார். இப்போது 71 வயதாகும் என் அப்பாவுக்கும் அதே மாதிரி இருமல். அவர் 30 வருடம் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். என் மனைவி ஏழு மாத கர்ப்பிணி. ஐயாவுக்கு வந்தது எங்களுக்கும் வருமா? ரத்தப் பரிசோதனை ஏதாவது உண்டா? வீட்டைப் பழுது பார்க்கும்போது பரணிலிருந்த ஐயாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கேஸ் மாஸ்க் கிடைத்தது. அக்கா பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு விளையாடுகிறார்கள். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் விலை கேட்கிறார். நஷ்டஈடு கேட்க வழி உண்டா?”

முதலில் அந்த மாஸ்க்கைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

போர்க்காலத்து பிரிட்டிஷ் மாஸ்க்குகள் பலவற்றின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் நார் வைத்திருந்தார்கள். அதிலும் நீல ஆஸ்பெஸ்டாஸ் மோசமான வகை. எண்பது வருடத்தில் அது நொறுங்கித் தூளாகியிருக்கும். மூச்சை இழுக்கும்போது நேராக நுரையீரலுக்குள் போகும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இந்தப் பழைய மாஸ்க்குகளை மாட்டிக் காட்ட வேண்டாம் என்று பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறையே எச்சரித்திருக்கிறது. உங்கள் பெட்டியில் உள்ளது எந்த வகை என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பதற்காகப் பிரிக்கக் கூடாது. கையில் ஈரத்துணியோடு எடுத்து, கெட்டியான பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வையுங்கள். பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் போட்டுவிடுங்கள். விளக்குமாறு வேண்டாம். கர்ப்பிணி அந்த அறைப் பக்கம் வர வேண்டாம். கடைக்காரருக்கும் விற்காதீர்கள். வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். எப்படி அப்புறப்படுத்துவது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைகள் சில தடவை மாட்டிப் பார்த்ததற்காகப் பதற வேண்டியதில்லை, அபாயம் நாள்பட்ட சுவாசிப்பில்தான் அதிகம். இனிமேல் வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, ஐயாவுக்கு வருவோம். அவர் சொன்னது உண்மையாக இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

பிரிட்டனில் போர்ட்டன் டவுன் என்ற இடத்தில் 1916 முதல் ரசாயன ஆயுத ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து வந்த விஞ்ஞானிகள் 1930-களிலும் 40-களிலும் ராவல்பிண்டியில் ஆய்வு நடத்தினார்கள். இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானவர்கள் மீது கடுகு வாயு என்ற ரசாயன ஆயுதத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் தோலைவிட இந்தியர் தோலில் அதிகம் பொத்துப்போகுமா என்பது அவர்களுடைய கேள்விகளில் ஒன்று. ஒரு சிப்பாயின் மாஸ்க் நழுவி, கண்ணும் முகமும் வெந்துபோனதாக அவர்களுடைய கோப்பிலேயே பதிவு உண்டு. லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த கோப்புகள் வழியாக 2007-இல்தான் இது செய்தியானது. அந்தச் சிப்பாய்கள் விஷயம் தெரிந்து சம்மதித்தார்களா என்பதற்குத் தெளிவான பதில் அந்தக் கோப்புகளில் இல்லை. மேலதிகாரி ‘போ’ என்றால் போகிற இடம் பட்டாளம். அங்கே சம்மதம் என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது அந்தக் காலத்து ஆய்வுகளில் வழக்கமான முறை. காசு அளவுத் தழும்பு அதோடு பொருந்துகிறது. ஆனால் ராவல்பிண்டி பெரிய ராணுவ முகாம், அங்கே இருந்த எல்லோரும் ஆய்வுக்குப் போனவர்கள் அல்ல. நெருப்புச் சூடும் இதே மாதிரி தழும்பு விடும். தழும்பை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் வாயால் சொன்ன வார்த்தைக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுக்கிறேன்.

கடுகு வாயு என்கிறோமே தவிர, அதில் கடுகும் இல்லை, சாதாரண வெப்பத்தில் அது வாயுவும் இல்லை. எண்ணெய் மாதிரி ஒரு திரவம். கடுகு, பூண்டு போல ஒரு வாடை அடிப்பதால் அந்தப் பெயர். 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகரத்துக்குப் பக்கத்தில் ஜெர்மானியர்கள் முதன்முதலில் பயன்படுத்தினார்கள். இதில் கொடுமை என்னவென்றால், தோலில் பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் சிவந்து, அரித்து, கொப்புளம் கிளம்பும். அதற்குள் அது உள்ளே இறங்கி, செல்லின் மரபுப்பொருளான டி.என்.ஏ-வைப் பிடித்துக்கொண்டிருக்கும். வியர்வை ஊறும் இடங்களில், அதாவது அக்குளிலும் தொடையிடுக்கிலும், வேகம் அதிகம். வெயில் நாடுகளில் ஆய்வு நடத்த போர்ட்டன் டவுன்காரர்கள் ஆசைப்பட்டதற்கு இதுதான் காரணம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1943-44-இல் ஆஸ்திரேலிய வீரர்கள் மீதே இதே மாதிரி சோதித்தார்கள்.

ஐயாவின் இருமலும் கண் சிவப்பும் அதனாலா என்றால், அவர் எந்த வகையில் அதை வாங்கினார் என்பதைப் பொறுத்தது. கையில் ஒரு சொட்டு மட்டும் என்றால் நுரையீரல் கெட்டுப்போகாது. வாயு அறைக்குள் நிறுத்தியிருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் போர்க்காலத்தில் சுமார் 60,000 வீரர்கள் இந்தச் சோதனைகளில் இருந்தார்கள். அவர்களில் குறைந்தது 4,000 பேர் வாயு அறையிலோ திறந்தவெளியிலோ அதிக அளவை வாங்கியவர்கள். வெளியே சொல்லக் கூடாது என்று அவர்களிடம் கட்டளை. பல பேர் மனைவியிடமும் மருத்துவரிடமும்கூடச் சொல்லாமலே ஐம்பது வருடம் இருந்தார்கள். 1993-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்) அரசுக்காக ஒரு பெரிய அறிக்கை தயாரித்தது. நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா, நுரையீரல் வீக்கம், சுவாசப் பாதைப் புற்றுநோய், தோல் புற்றுநோய், விழிவெண்படலத்தில் நாள்பட்ட அழற்சி, மன உளைச்சல் நோய்கள் ஆகியவற்றுக்கும் இந்த வாயுவுக்கும் காரணத் தொடர்பு இருப்பதாக அது ஒப்புக்கொண்டது. ஈரானில் 1987-இல் சர்தஷ்த் ஊர் மீது ஈராக் போட்ட கடுகு வாயுக் குண்டுகளுக்குத் தப்பியவர்களிடமும் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்ப்பது நுரையீரல், கண், தோல் என்ற இதே மூன்றைத்தான். உங்கள் ஐயாவின் அறிகுறிகள் இதோடு ஒத்துப்போகின்றன. பீடியும் காசநோயும்கூட இதே இருமலைத் தரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என்னை அதிகம் வாட்டுவது வேறு ஒன்று. போர்ட்டன் டவுனில் சோதனைக்கு வந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. அதனால்தான் 1941 முதல் 1989 வரை அங்கே போன 18,276 பிரிட்டிஷ் வீரர்களை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிற்காலத்தில் தேடிக் கணக்கெடுக்க முடிந்தது. சோதனைக்குப் போகாத வீரர்களைவிட அவர்களுடைய ஒட்டுமொத்த இறப்பு விகிதம் சுமார் 6 சதவீதம் கூடுதல், புற்றுநோய் மட்டும் கூடுதலாக இல்லை என்று 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். ராவல்பிண்டிக்குப் போன நம்மவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. கொப்புளம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தவர்கள், அந்த ஆள் ஊருக்குத் திரும்பிய பிறகு எப்படி இருக்கிறார் என்று ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை. ‘இந்தியச் சிப்பாய்களுக்கு நீண்டகாலப் பாதிப்பு ஏற்பட்டதற்கு ஆதாரம் இல்லை’ என்று யாராவது சொன்னால், யாரும் தேடவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. வம்சத்துக்கு வருமா?

கடுகு வாயு டி.என்.ஏ-வைத் தாக்குவது உண்மை, உங்கள் பயம் அங்கிருந்துதான் வருகிறது. இதையே வேறு ஒரு பக்கத்திலிருந்து பாருங்கள். 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கில்மன், குட்மன் என்ற இருவர், இந்த வாயுவின் நெருங்கிய உறவான நைட்ரஜன் கடுகுச் சேர்மத்தை நிணநீர்ப் புற்றுநோயாளிக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில், ரகசியமாகக் கடுகு வாயுக் குண்டுகள் ஏற்றி வந்த கப்பல் விமானத் தாக்குதலில் வெடித்தது. பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்ததை மருத்துவர்கள் கவனித்தது அந்த வழிக்கு வலு சேர்த்தது. இன்று மதுரையிலோ திருச்சியிலோ புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு அந்தக் குடும்பத்தில் பிறந்த மருந்துதான். சிறு வயதில் இந்த வகை மருந்துகளால் பிழைத்து, வளர்ந்து, பிள்ளை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் கவனித்த ஆய்வுகளில் பிறவிக் குறைபாடுகள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமாக இல்லை. உங்கள் ஐயா வாங்கியது ஒரு முறையோ சில முறையோ. அதற்குப் பிறகு பல வருடம் கழித்துப் பிறந்தவர் உங்கள் அப்பா. அவருக்கே பாதிப்பு வந்திருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கொள்ளுப் பேரக் குழந்தைக்கு வரும் என்று பயப்படக் காரணமே இல்லை. மூன்று தலைமுறைக்குப் பிறகு இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. யாராவது ‘பேக்கேஜ்’ என்று எழுதிக்கொடுத்தால் பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் மனைவிக்கு வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைகள் போதும்.

ஆனால் அப்பாவின் இருமலை ‘ஐயா வழி’ என்று ஒதுக்கிவிட்டால் தவறு செய்வீர்கள். புதுவயல் ஆலைகளில் உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடம் அதைச் சுவாசித்தவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்ட இருமல் வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருப்பதால் இந்த வாரமே செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் பரிசோதனை. சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துப்போகலாம். ஆலையில் என்ன வேலை, எத்தனை வருடம், பீடி உண்டா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். இது கட்டுப்படுத்தக்கூடிய நோய்.

நஷ்டஈடு விஷயத்தில் உங்களுக்கு நம்பிக்கை தர முடியவில்லை. 1953-இல் போர்ட்டன் டவுனில் கையில் சாரின் என்ற நரம்பு நச்சுச் சொட்டு வைத்ததால் இறந்துபோன 20 வயது விமானப்படை வீரர் ரொனால்டு மேடிசனின் மரணம் சட்டவிரோதமானது என்ற தீர்ப்பு 2004-இல்தான், ஐம்பது வருடம் கழித்து வந்தது. அதன் பிறகு 2008-இல் 360 முன்னாள் வீரர்களுக்குச் சேர்த்து 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். அவர்கள் போர்ட்டன் டவுனுக்குப் போனவர்கள். ராவல்பிண்டி சிப்பாய்களின் வாரிசுகளுக்கென்று ஒரு திட்டம் கிடையாது. ‘லண்டனில் கேஸ் போடலாம்’ என்று முன்பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இருந்தாலும் அந்தப் பெட்டியை இன்னொரு முறை, மாஸ்க்கை அப்புறப்படுத்திய பிறகு, நன்றாகப் பாருங்கள். பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கலாம். அதில் படை எண், படைப்பிரிவு, எந்தத் தேதியில் எங்கே இருந்தார், ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா என்பதெல்லாம் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டுங்கள். எந்தப் பதிவகத்துக்கு எழுத வேண்டும் என்று சொல்வார்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூர். போர்ட்டன் டவுன் கோப்புகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 189’ என்ற வரிசையில் இருக்கின்றன. சிப்பாய்களின் பெயர் கிடைப்பது அரிது, ஆனால் ஐயா இருந்த மாதத்தில் அங்கே என்ன சோதனை நடந்தது என்பது தெரியவரலாம்.

அப்பத்தா இன்னும் இருந்தால், ஐயா எந்த வருடம் ஊர் திரும்பினார், வரும்போது கை எப்படி இருந்தது, கண் அப்போதே சிவந்திருந்ததா என்று கேட்டு அவர் சொல்கிற மாதிரியே எழுதி, தேதி போட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படை எண் கிடைத்தால் அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள், பதிவகத்துக்கு எழுத வேண்டிய மனுவை நான் தயார் செய்து தருகிறேன்.