பச்சை விழுந்த பிறகும் பார்க்க வேண்டிய பக்கம் எது?

கேள்வி: 70 வயது அம்மாவையும் 5 வயது மகளையும் அழைத்துக்கொண்டு தினமும் இரண்டு இடங்களில் சாலையைக் கடக்கிறேன். ஒன்று, நான்கு தடம் கொண்ட சாலையில் உள்ள சிக்னல். நடப்பவர்களுக்குப் பச்சை எரியும்போதே திரும்பும் வண்டிகள் குறுக்கே வந்துவிடுகின்றன. இன்னொன்று, பள்ளிக்கு அருகே சிக்னல் இல்லாத சீப்ரா கிராசிங். அங்கே ஒரு கார் நின்று வழிவிட்டால் பக்கத்துத் தடத்தில் இன்னொன்று நிற்காமல் பறக்கிறது. சிக்னலில் எத்தனை வினாடி மிச்சம் இருந்தால் இறங்கலாம்? திரும்பும் வண்டிகளை எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்களுக்காக நின்ற வண்டியைவிட, அது மறைத்துக்கொண்டிருக்கும் வண்டிதான் ஆபத்தானது. சீப்ரா கோடுகள் உங்களுக்கு உரிமையைத் தரும். ஓட்டுநரின் பார்வைக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தாது. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் வினாடிக் கணக்கு. ஒரு தடம் சுமார் 3.5 மீட்டர் என்றால் நான்கு தடம் 14 மீட்டர். பல நகரங்களில் நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த வேகத்தில் 12 வினாடி போதும். வயதானவர்களில் பலர் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். அவர்களுக்கு 17 அல்லது 18 வினாடி ஆகும். உங்கள் அம்மாவின் வேகம் தெரிய, சமதளத்தில் 10 மீட்டர் அளந்து அவரை இயல்பாக நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். 12 வினாடி எடுத்தால், 14 மீட்டருக்குச் சுமார் 17 வினாடி. விளிம்பிலிருந்து கால் எடுத்து வைக்கவே 2, 3 வினாடி போய்விடும் என்பதால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். திரையில் 20-க்குக் குறைவாகக் காட்டினால் அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள். ‘வேகமாக வாம்மா’ என்று இழுத்துக்கொண்டு போவதில்தான் பெரியவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

மினுக்கும் விளக்கின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலான இடங்களில் பொருள் ஒன்றுதான்: புதிதாக இறங்காதே, இறங்கியவர் முடித்துக்கொண்டு போகலாம். பாதி வழியில் நேரம் முடிந்தால் திரும்பி ஓடாதீர்கள். நீங்கள் முன்னால்தான் போவீர்கள் என்று ஓட்டுநர் எதிர்பார்ப்பார். நடுவில் திட்டு இருந்தால் மட்டும் அதில் ஏறி நின்றுகொள்ளுங்கள்.

இனி திரும்பும் வண்டி. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். திரும்புகிற ஓட்டுநரின் கவனம் பெரும்பாலும் எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கிறதா என்பதில் இருக்கும், உங்கள் மேல் இருக்காது. அதோடு காரின் முன்கண்ணாடிக்கு இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் உண்டு. ஓர் ஆளை மறைக்க அது போதும். கார் திரும்பும் வேகமும் நீங்கள் நடக்கும் வேகமும் ஒத்துப்போனால் நீங்கள் நகர நகர அந்தத் தூணும் கூடவே நகரும். சில வினாடிகள் அவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். ‘திடீரென்று வந்துவிட்டார்’ என்று ஓட்டுநர் சொல்வது பல நேரம் பொய் அல்ல. ஆகவே பச்சை விழுந்ததும் உடனே இறங்காமல், உங்கள் முதுகுப் பக்கமிருந்து உங்கள் சாலைக்குள் திரும்பக் கூடிய வண்டி இருக்கிறதா என்று தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். இண்டிகேட்டரை நம்ப வேண்டாம், முன்சக்கரத்தைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் வளைகிறதோ அங்கேதான் வண்டி வரும். வண்டி மெதுவாக நெருங்கிக்கொண்டே இருந்தால் ஒரு கணம் நின்றுவிடுங்கள். நின்றாலே தூணின் மறைவிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள்.

ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வெயிலில் கண்ணாடி பளபளக்கும், இரவில் உள்ளே இருட்டாக இருக்கும். அவர் பார்த்தாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சக்கரம் சுற்றுவது நின்றதா என்பதே சரியான அடையாளம். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிக் காட்டுவதும் உதவும்.

பஸ், லாரி திரும்பும் மூலையில் விளிம்பை ஒட்டி நிற்காதீர்கள். இரண்டு அடி பின்னால் நில்லுங்கள். நீளமான வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, மூலையை உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். லாரி நின்றிருந்தாலும் அதன் முகப்பை உரசியபடி கடக்காதீர்கள். 110 செ.மீ. உயரக் குழந்தை அங்கே இருப்பது மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பள்ளி அருகே உள்ள கிராசிங்கில் நடப்பது வேறு வகை. 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு வினாடிக்குள் சுமார் 14 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை வினாடி, பிறகு பிரேக். உலர்ந்த சாலையிலேயே நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் வேண்டும். மழையில் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரு மடங்கு வரை ஆகும். உங்களுக்காக நின்ற கார் கோட்டை ஒட்டி நின்றிருந்தால், பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு நீங்கள் தெரிவதே கடைசி சில மீட்டரில்தான். எனவே ஒவ்வொரு தடத்தையும் தனிச் சாலையாக நினையுங்கள். நின்ற வண்டியின் அகலத்தைத் தாண்டும் முன், அதன் மறு ஓரத்துக்கு நேராக நின்று, தலையை மட்டும் நீட்டி அடுத்த தடத்தைப் பாருங்கள். இரு வண்டிகளின் நடுவே புகுந்து வரும் பைக்கையும் அங்கேதான் பிடிக்க முடியும். வண்டியிலிருந்து தள்ளியிருக்கும் சீப்ரா ஓரத்தில் நடந்தால் இருவருக்கும் பார்வை இன்னும் விரியும். உள்ளேயிருந்து ‘போங்க’ என்று கை காட்டுபவர் தன் தடத்துக்கு மட்டுமே பொறுப்பு.

மகளை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், உதறினாலும் நழுவாது. குழந்தையை உட்கார வைக்கும் தள்ளுவண்டி இருந்தால் அதை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டாம். உங்கள் கண் சாலையைப் பார்ப்பதற்குள் குழந்தை சாலைக்குள் இருக்கும். அம்மா சத்தத்தை வைத்து முடிவெடுப்பவரானால் அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். மின்சார வண்டி மெதுவாக வரும்போது சத்தம் அவ்வளவாகக் கேட்காது.

இரவில் வெளிர் உடை நல்லது. கணுக்காலில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை அதைவிட நல்லது, காரணம் கால் அசைவதைக் கண்டதும் ‘ஆள்’ என்று மூளை பிடித்துக்கொள்ளும். உங்களுக்குப் பின்னால் மட்டும் தெருவிளக்கு எரிந்தால், வருபவருக்கு நீங்கள் வெறும் நிழலுருவம். வண்டி வரும் பக்கத்து வெளிச்சம் உங்கள் மேல் விழும்படி நில்லுங்கள்.

இவ்வளவும் நடப்பவர் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. அந்த சிக்னலையே மாற்ற முடியும். போக்குவரத்துப் பொறுப்பாளர்களுக்கு எழுதுங்கள். ‘ஆபத்தாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கிவிடும். சாலையின் அகலம், பச்சை எரியும் வினாடிகள், அம்மா கடக்க எடுக்கும் வினாடிகள், எந்த நேரத்தில் எந்தத் திருப்பத்தில் வண்டிகள் குறுக்கிடுகின்றன என்று ஒரு வாரம் குறித்து அனுப்புங்கள். மூன்று கோரிக்கைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: திரும்பும் வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 வினாடி முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை; சிக்னல் இல்லாத கிராசிங்கில் வண்டி நிற்கும் கோட்டைச் சில மீட்டர் பின்னால் தள்ளுவது; நான்கு தடச் சாலையின் நடுவில் தள்ளுவண்டியோடு நிற்கும் அளவு அகலமான திட்டு.